ஆறாவது பல்சக்கரம்

சைக்கிளுக்குக் கியர் கூட்டினால் பிரயோஜனம் உண்டா என்று யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆரணியைச் சுற்றி எங்கே மேடு இருக்கிறது? ஆற்றுப் பாலத்தில் ஏறுகிற இடத்தை மேடு என்று சொல்கிறவன் காலில் வலு இல்லாதவன். அவன் டவுன் பஸ்ஸில் போகட்டும்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஐந்து கியர் வண்டியை ஆறாக மாற்றி ஓட்டினவள் நான். அந்த ஒரு கியரால் எனக்கு ஒரு பந்தயம் போனது. அது போகட்டும், பந்தயம் எத்தனையோ பேருக்குப் போகிறது. என் அண்ணனுக்குக் கைராசிக்காரன் என்கிற பேர் போனது. அதைத் திருப்பிக் கொடுக்க நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பதின்மூன்று வருஷம் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் புதுத் தறி போட்டாலும், பழைய தறிக்குப் புது ஜக்கார்டு பெட்டி ஏற்றினாலும், கற்பூரம் காட்டிய பிறகு முதல் இழையை யார் ஓட்டுவது என்று பார்ப்பார்கள். கைராசி உள்ளவன் ஓட்ட வேண்டும். ராசி இல்லாத கை பட்டால், தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டின அந்தப் பாவு முடிகிற வரைக்கும் இழை அறுந்துகொண்டே இருக்கும் என்பார்கள். பட்டு மட்டமாக இருந்தால் அறும், இதில் கை என்ன செய்யும் என்று கேட்க எவனுக்கும் தைரியம் கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் அந்த முதல் இழையை ஓட்டின கை என் அண்ணனுடையது. அவனுக்கு இருபத்திரண்டு வயதுதான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வேட்டி வைத்துக் கூப்பிடுவார்கள். நரைத்த ஆட்கள் ஒதுங்கி அவனுக்கு வழி விடுவார்கள்.

ராசி மட்டும் இல்லை, வேலையும் தெரியும். ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதற்குள் வரிசையாகக் கொக்கிகள். அட்டையில் ஓட்டை போட்ட இடத்துக்கு நேரான கொக்கி மட்டும் மேலே தூக்கும், அந்த இழை தூக்கும், புடவையில் பூ விழும். அதற்கு ஒவ்வொரு கொக்கியிலும் நூல் சரியாகக் கட்டியிருக்க வேண்டும். அண்ணன் கட்டினால் பிசகாது.

எனக்கு அப்போது பதினேழு வயது. பள்ளிக்கூடத்து சைக்கிள் பந்தயங்களில் எல்லாம் நான்தான் முதலில் வந்தேன். வேலூர்ப் பக்கத்தையும் சேர்த்து மாவட்ட அளவில் பெண்களுக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள். முதல் இரண்டு பேருக்கு விளையாட்டு விடுதியில் இடம். அங்கே சேர்ந்தால் விளையாட்டுக் கோட்டாவில் அரசாங்க வேலை கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கிடைக்காவிட்டால் சேவூரில் ஒரு மாப்பிள்ளை. அப்பா இரண்டுக்கும் தயாராக இருந்தார். எது நடந்தாலும் வீட்டில் ஒரு தட்டு குறையும்.

எனக்கு வண்டி வாங்கிக் கொடுத்தது அண்ணன். மெட்ராஸ் போய்ப் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி, ரயிலிலும் பஸ்ஸிலும் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தான். வளைந்த ஹேண்டில், மெல்லிய டயர், பின்னால் ஐந்து பல்சக்கரம். ஐந்தில் இரண்டைத்தான் நான் ஓட்டினேன். காற்று எதிரே வந்தால் ஒன்று, பின்னால் வந்தால் ஒன்று. மற்ற மூன்றும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வேலூர்ப் பெண் ஒருத்தி பன்னிரண்டு கியர் வண்டியில் வருகிறாள் என்று கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆரணிக்காரர்களுக்கு எதையும் எண்ணித்தான் மதிக்கத் தெரியும். நூற்றிருபது கொக்கிப் பெட்டியில் நெய்தால் சின்னப் பூ வரும், இருநூற்று நாற்பதில் மயில் வரும். கொக்கி கூடினால் புடவைக்கு மதிப்பு கூடும், நெய்கிறவனுக்கு மதிப்பு கூடும். அந்தப் புத்தியோடுதான் நானும் சைக்கிளைப் பார்த்தேன். எவ்வளவு கியரோ அவ்வளவு வேகம்.

"ணா, அவகிட்ட பன்னண்டு இருக்குது. நான் அஞ்சை வச்சிகினு இன்னா பண்றது?"

"நீ அஞ்சுலயே மூணைத் தொட்டதில்ல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருக்கியா? அந்த மூணுலயும் எண்ணெய் அப்படியே கீது."

"உனக்கு கட்டத்தான தெரியும், ஓட்டத் தெரியுமா? நூத்திருபது கொக்கிக்காரன் வந்து எரநூத்தி நாப்பது கட்டுடான்னா, உனக்கு எதுக்குடான்னு கேப்பியா?"

நான் பேசினது தப்பு என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அது அவன் தொழிலின் பேச்சு, அதை எதிர்த்துப் பேச அவனுக்கு வரவில்லை. மறுபடியும் மெட்ராஸ் போனான். ஆறு பல்சக்கரம் கோர்த்த ஃப்ரீவீல் ஒன்றைப் பழைய சாமான் கடையில் பொறுக்கி எடுத்து வந்து மாட்டினான்.

அந்த வண்டியின் பின்சக்கரம் ஐந்து பல்சக்கரத்துக்காகச் செய்தது. ஆறாவதுக்கு இடமே இல்லை. பந்தயத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு மிதியைச் சுற்றிப் பார்த்தான். செயின் ஆறாவதுக்கு, அதாவது ஓரத்தில் இருக்கிற ஆகச் சின்னப் பல்லுக்கு, போனபோது ஃபிரேமின் இரும்பில் உரசிக் கீச்சென்று கத்தியது. அண்ணன் என்னைக் கூப்பிட்டான். செயினைத் தள்ளுகிற அந்த அமைப்பில் குட்டி ஸ்க்ரூ ஒன்று உண்டு. செயின் எதுவரைக்கும் போகலாம் என்று தடுத்து நிறுத்துவது அதுதான். அதை முறுக்கினான்.

"பாத்துக்கோ. கட்டாத கொக்கி தூக்காது. ஆறாவதைக் கட்டாம உட்டுட்டேன். பாக்கறவனுக்கு ஆறு, ஓட்டற உனக்கு அஞ்சு. இந்த ஸ்க்ரூவைத் தொட்டே, செயின் இடுக்குல மாட்டிக்கும். தொடாத."

"தொடலப்பா."

"அப்பான்னு சொல்லாத, அந்தாளு காதுல உழுந்தா வந்துடுவாரு."

இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நானும் அவனும் சேர்ந்து சிரித்ததில்லை.

ஆடி மாதம். காலையிலேயே மேலக் காற்று ஆளைத் தள்ளியது. செய்யார் ரோட்டில் போய்த் திரும்ப வேண்டும். போகும்போது காற்று முதுகில், வரும்போது முகத்தில். எட்டுப் பெண்கள் நின்றோம். வேலூர்க்காரி வெள்ளை ஷூ போட்டிருந்தாள். என் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்து, "ஆறா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டுப் பெண் அப்பாவின் கறுப்பு சைக்கிளோடு நின்றிருந்தாள். கியர் கிடையாது, செயின் கவர் உண்டு, பெல் உண்டு, கேரியர் உண்டு. வேலூர்க்காரியிடம் வாங்கினதை நான் அவளிடம் இறக்கினேன்.

"இன்னா, கேரியர்ல நெல்லு மூட்டை ஏத்திகினு வந்தியா?"

"எறக்கிட்டுத்தாங்கா வந்தேன்" என்றாள்.

அண்ணன் எனக்காக சோடா வாங்கப் போயிருந்தான். அவன் சாமான் பை கீழே கிடந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். குனிந்து ஷூ கயிறு கட்டுகிற மாதிரி பாவனை செய்து, அந்த ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று கழற்றினேன். ஸ்க்ரூடிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவன் வந்து சோடாவை உடைத்துக் கொடுத்தான். குடித்தேன்.

பாதி தூரம் வரைக்கும் நான்தான் முதல். காற்று தள்ளியது, ஐந்தாவதில் கால் பஞ்சாகச் சுற்றியது. வேலூர்க்காரி பின்னால் நெருங்கினாள். கியர் லிவரைத் தள்ளினேன். செயின் ஆறாவதுக்குப் போனது. நான்கு மிதி மிதித்திருப்பேன். நறுக்கென்று ஒரு சத்தம். மிதி நின்றுவிட்டது. பல்லுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் செயின் ஆப்பு மாதிரி இறங்கியிருந்தது. இழுத்தேன், உதைத்தேன், கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன். வேலூர்க்காரி போனாள். இன்னும் இருவர் போனார்கள். பிறகு கறுப்பு சைக்கிள் வந்தது, பெல் குலுங்கிக்கொண்டே.

"அக்கா, கையால இழுக்காதீங்க, வெரலு பூடும்" என்று கத்திவிட்டு நிற்காமல் போனாள். நின்றிருந்தால் முட்டாள். அவள் இரண்டாவதாக வந்தாள். எதிர்க்காற்றில் கியர்க்காரிகளைத் தாண்டிப்போய் விடுதியில் இடம் பிடித்தாள். ஒரு கியர், ஒரு கேரியர்.

அண்ணன் யாருடைய மொபட்டிலோ பின்னால் வந்துகொண்டிருந்தான். தூரத்தில் பார்த்துவிட்டேன். அப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அந்த ஸ்க்ரூவைப் பழையபடி ஒன்றரைச் சுற்று முறுக்கினேன். ஸ்க்ரூடிரைவரை வயலில் எறிந்தேன். நாற்று நட்ட வயல், தண்ணீர் நின்றது, களக்கென்று போய்விட்டது. அண்ணன் வந்து இறங்கினதும், மொபட்காரர் காதிலும் அதற்குள் டீக்கடையிலிருந்து ஓடி வந்த நாலு பேர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்.

"நீ கட்டின கியர்தான? பாரு. நல்லாப் பாரு."

அவன் மண்டிபோட்டு உட்கார்ந்து ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தான். அது முறுக்கினபடிதான் இருந்தது. மறுபடியும் தொட்டுப் பார்த்தான். "போவாதே... எப்படிப் போச்சு?" என்றான். என்னைக் கேட்கவில்லை, தன்னைத்தான் கேட்டுக்கொண்டான்.

தெருவுக்கு வந்ததும் அப்பா ஆரம்பித்தார். "பெட்டி கட்ற கையாடா இது? கூடப் பொறந்தவ தலையில மண்ணை அள்ளிப் போட்ட கை!" எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர், எங்களுக்கு மாமா முறை, அவர் வீட்டுத் தறிக்கு முதல் இழை ஓட்டினவன் என் அண்ணன். அவர் சொன்னார், "இனிமே எவனும் இவனை மொத இழைக்குக் கூப்டாதீங்கப்பா. பொண்ணு வாழ்க்கையே அறுந்துபோச்சு."

நான் உள்ளே உட்கார்ந்து தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. எழுந்து வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கை கெட்ட கை என்றால் நான் பாவப்பட்ட பெண். நான்தான் திருப்பினேன் என்றால் நான் திமிர் பிடித்தவள். பாவப்பட்ட பெண்ணாக இருப்பது சௌகரியமாக இருந்தது. அம்மா அன்றைக்கு எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் அண்ணன் கட்டின தறி ஒன்றில் பாவு அறுந்தது. அறாத பாவு எங்கே இருக்கிறது? ஆனால் இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வெற்றிலைத் தட்டு வருவது நின்றது. பிறகு பெட்டி கட்டவும் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அண்ணன் அந்த சைக்கிளைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தான். முறுக்கின ஸ்க்ரூவைத் தாண்டி செயின் எப்படிப் போனது என்று அவனுக்கு விளங்கவே இல்லை. விளங்காததால், தெரு சொல்வது நிஜம்தான் என்று அவனே நம்ப ஆரம்பித்தான். "சாமான் பையில ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு இருந்துதே, பாத்தியா?" என்று என்னை இரண்டு மூன்று தடவை கேட்டான். "எனக்கு இன்னா தெரியும்?" என்றேன். கடைசியில் செய்யார்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பசை தடவுகிற வேலைக்குப் போனான். கம்பெனி பஸ் அந்தப் பந்தய ரோட்டிலேதான் தினமும் போய் வந்தது.

எனக்கு சேவூரில் கல்யாணம் ஆனது. வீட்டுக்காரருக்கு இரண்டு தறி. மூன்றாவது தறி போட்டபோது மாமியார் தயங்கித் தயங்கி வந்தார். "உங்க அண்ணனை மொத இழைக்குக் கூப்பிட வேணாம்மா. தப்பா நெனச்சிக்காத."

"நானே சொல்லலாம்னு இருந்தேன் அத்தே" என்றேன்.

அவன் கை நல்ல கை என்று தெரிந்த ஒரே ஆள் நான். என் வீட்டுத் தறியையும் அவன் தொட நான் விடவில்லை. ஊர் செய்தது அறியாமை. நான் செய்ததற்கு எந்தச் சாக்கும் இல்லை. பூஜைக்குச் சாப்பிட மட்டும் வந்தான். தறிக் கொட்டகை வாசலிலேயே நின்று மேலே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக என்னிடம், "மூணாவது வரிசையில ரெண்டு கொக்கி மாத்திக் கட்டிக்கிறான். பூவு கோணும்" என்றான்.

"பேசாம வந்து சாப்புடு" என்றேன்.

பூ கோணியது. பத்து நாள் வேலை பாழ்.

அப்பா இரண்டாயிரத்துக்குப் பிறகு செத்துப்போனார். சாகிற வரைக்கும் எவனாவது எதையாவது உடைத்தால், "உனக்கு எம்புள்ள கைடா" என்றுதான் திட்டுவார்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் மகளோடு சேவூருக்கு வந்தான். அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். கூடப் படிக்கிறவளிடம் பதினெட்டு கியர் சைக்கிள் இருக்கிறதாம், இவளுக்கு இருபத்தொன்று வேண்டுமாம். வாங்கலாமா என்று என்னைக் கேட்க வந்திருந்தார்கள். குடும்பத்தில் சைக்கிள் விஷயத்தில் நான்தான் பெரிய ஆள்.

"வேணாம்" என்றேன். "ஒரு கியர் வாங்கு. நல்ல ஒரு கியர். ரெண்டுக்கு மேல எவளும் மாத்த மாட்டா. மீதியெல்லாம் துரு புடிக்கத்தான். கியர் கூடக்கூட ரிப்பேருதான் கூடும்."

"அத்தே, நீங்க ஓட்டின காலம் வேற. இப்பல்லாம் கடையிலயே செட் பண்ணிக் குடுத்துடுவான்" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து விளையாட்டாகச் சொன்னாள். "நைனா கை வைக்காம இருந்தா போதும். இது கை வச்சாதான் வெளங்காதே."

அண்ணன் சிரித்தான். பழகின சிரிப்பு. பசை பட்டுப் பட்டுத் தோல் உரிந்த விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான். அந்தப் பெண்ணுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? பிறக்கும்போதே வீட்டில் இருந்த பேச்சு அது.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அவன் சிரித்தான் பாருங்கள், அவன் மேல்.

"அந்த ஸ்க்ரூவை நான்தான் கழட்டினேன்" என்றேன். "நீ சோடா வாங்கப் போனப்போ. ஒண்ணரைச் சுத்து. செயின் மாட்டினதும் நீ வர்றதுக்குள்ள திரும்ப முறுக்கிட்டேன். ஸ்க்ரூடிரைவர் செய்யார் ரோட்டு வயல்ல கீது."

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனுக்கு உடனே புரிந்தது. கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"ஒண்ணரையா?" என்றான். "ஒண்ணரை சுத்தினா போவும். ஆமா." பிறகு, "அப்பா இருந்தப்போ சொல்லியிருக்கலாம்" என்றான்.

"ஆமா."

"இப்ப எங்கிட்ட சொல்லி இன்னாத்துக்கு ஆவும்? எங்கையி எனக்குத் தெரியாதா? நடுவுல கொஞ்ச நாள்தான் தெரியாம போச்சு. தெருவுல போய்ச் சொல்லு."

போனேன். மறுநாளே ஆரணிக்குப் போனேன். அன்றைக்குப் பேசினவர்களில் பாதிப் பேர் செத்திருந்தார்கள். எதிர்வீட்டு மாமா இருந்தார். கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னார், "அண்ணன் மேல பாசம் இருக்க வேண்டியதுதாம்மா. அதுக்காகப் பழியை உம்மேல போட்டுக்குவியா? அவன் கை எப்பவுமே அப்படித்தான். எங்கூட்டுத் தறியில அவன் ஓட்டின பாவுகூட அறுந்துதே."

ஊர் ஒருத்தனுக்குக் கொடுத்த கெட்ட பேரை ஊரே நினைத்தாலும் திருப்பி வாங்க முடியாது. அதற்கு லிவர் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அண்ணனும் மகளும் புது சைக்கிளோடு சேவூருக்கு வந்தார்கள். இருபத்தொரு கியர். கடைக்காரன் மாட்டினதை எல்லாம் பிரித்துப் போட்டு அவனே செட் செய்திருந்தான். மகள் தெருவில் ஒரு ரவுண்டு போய் எல்லா கியரையும் மாற்றிக் காட்டினாள். ஒன்றுகூட உரசவில்லை, செயின் தாண்டவில்லை. என் முப்பது வயதுக்குள் அப்படி ஒரு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

"இங்க வா" என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டான். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். "அந்த ஸ்க்ரூவைத் தொட்டுப் பாரு."

விரலால் தடவினேன். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற பள்ளமே இல்லை. அரத்தால் ராவி வழவழவென்று ஆக்கியிருந்தான். நகம்கூட மாட்டவில்லை.

"இனிமே எவளும் திருப்ப முடியாது" என்றான். மகளைப் பார்த்து, "அத்தைகிட்ட மட்டும் வண்டியைக் குடுத்துடாத" என்றான். அவள் சிரிக்கலாமா வேண்டாமா என்று முழித்தாள்.

எங்கள் மூன்றாவது தறிக்குப் புதிதாக நானூறு கொக்கிப் பெட்டி வந்து கொட்டகையில் இறங்கியிருந்தது. அந்த வாரம் பூஜை. உள்ளே போய் வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தேன். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. தட்டை அவன் முன்னால் நீட்டினேன்.

"வெள்ளிக்கிழமை பூஜை. மொத இழை நீ ஓட்டணும்."

தட்டைப் பார்த்தான். தொடவில்லை.

"நானூறு கொக்கி உனக்கு எதுக்கு?" என்றான். "எரநூத்தி நாப்பதே ஒழுங்கா நெய்யமாட்டீங்க."

"வருவியா மாட்டியா?"

"வெள்ளிக்கிழமை எனக்கு ஷிப்டு" என்றான்.

மகளைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். தெரு முனை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெருக்காரன் ஒருவன் வந்து முதல் இழையை ஓட்டினான். குடித்துவிட்டு வந்திருந்தான். அந்தப் பாவு முடிகிற வரைக்கும் ஒரு இழைகூட அறவில்லை.